தொழிற்சாலை வாசலிலிருந்து டர்பன் வரை: புதுக் காரை நீங்களே ஓட்டி வருவதென்றால்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். டர்பன் பக்கம் அம்ஷ்லாங்காவில் வேலை பார்க்கிறீர்கள். ஃபோக்ஸ்வாகன் போலோ ஒன்றுக்கு, மேனுவல் கியர் மாடல், புக்கிங் கொடுத்திருக்கிறீர்கள். ஜெர்மனியில் இருக்கும் பெரியப்பா மகன் வொல்ஃப்ஸ்பர்க் போய்த் தொழிற்சாலையிலேயே கார் எடுத்து வீடு வரை ஓட்டி வந்த படங்களை அனுப்பியிருக்கிறார். போலோ தயாராவது இங்கே தென்னாப்பிரிக்காவில், கரீகாவில்தானே, நாமும் மனைவி மகளோடு விமானத்தில் போய் எடுத்துக்கொண்டு டர்பனுக்கு ஓட்டி வரலாமா, என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வழி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டி வரலாம். ஆனால் சாவியை உங்கள் கையில் கொடுக்கப் போவது தொழிற்சாலை அல்ல. 19 வருடமாக டர்பனில் புது வண்டிகளை டெலிவரிக்கு முன் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிறேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் போன இடம் ஆட்டோஸ்டாட். 2000-இல் திறந்தார்கள். வண்டிகளை அடுக்கி வைக்கவென்றே இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் 20 மாடி, 400 வண்டி. தொழிற்சாலையில் முடிந்த கார் 700 மீட்டர் நீளச் சுரங்கப் பாதை வழியாக அந்தக் கோபுரத்துக்கு வந்து, உங்கள் முறை வந்ததும் லிஃப்டில் இறங்குகிறது. மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ. வெல்ட் 2007-இல் வந்தது, அங்கேயும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு. வாங்குபவர் வந்து எடுத்துப் போவதற்காகவே காசு போட்டுக் கட்டிய இடங்கள் அவை.

தென்னாப்பிரிக்காவில் கார் தொழிற்சாலைக்குக் குறைவில்லை. கரீகாவில் ஃபோக்ஸ்வாகன், ஈஸ்ட் லண்டனில் மெர்சிடிஸ், பிரிட்டோரியா பக்கம் ராஸ்லினில் பி.எம்.டபிள்யூ., சில்வர்டனில் ஃபோர்டு, நம் டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா. ஆனால் வாடிக்கையாளர் நேரே போய் வண்டி எடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. தொழிற்சாலை டீலருக்குப் பில் போடும், டீலர் உங்களுக்குப் பில் போடுவார். பதிவு, வங்கிப் பணம், டெலிவரிக்கு முந்தைய பரிசோதனை எல்லாம் டீலர் கையில். ப்ராஸ்பெக்டன் வாசலிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இசிபிங்கோவில் குடியிருப்பவர்கூட ஷோரூமில்தான் சாவி வாங்குகிறார்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது, கரீகாவிலோ கெபேர்ஹாவிலோ உள்ள ஒரு டீலரிடம் வாங்கி அங்கிருந்து ஓட்டி வருவது. கெபேர்ஹா என்பது பழைய போர்ட் எலிசபெத், நம்மவர்கள் இன்னும் பி.இ. என்றுதான் சொல்வார்கள். கரீகா அங்கிருந்து சுமார் 35 கி.மீ. 2021 வரை அதன் பெயர் யூட்டன்ஹேக். 1951 ஆகஸ்டில் முதல் பீட்டில் அந்த ஊரிலிருந்துதான் வெளியே வந்தது. பக்கத்தில் வாங்கினால் விலை குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கம்பெனி அறிவிக்கும் விலை நாடு முழுக்க ஒன்றுதான், அந்த டீலர் தள்ளுபடி கொடுத்தால் உண்டு. சர்வீஸ் பிளானைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கே வாங்கினாலும் டர்பனில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பில் செல்லும்.

இனி காகிதம். இதில்தான் வெளியூர்க் கொள்முதல்கள் சிக்குகின்றன. உங்கள் வண்டியின் பதிவு உங்கள் வீட்டு முகவரி இருக்கும் ஊரின் அலுவலகத்தில் நடக்க வேண்டும். அதாவது டர்பன் இருக்கும் க்வாஸூலு-நேட்டால் மாகாண நம்பர், டிசம்பர் 2023 முதல் வந்திருக்கும், இசட்.என். என்று முடிகிற புதுப் பலகை. கரீகா இருக்கும் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து டீலர் காகிதங்களை இங்கே அனுப்பிப் பதிவை முடித்து, நம்பர் பலகையும் முன் கண்ணாடியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க்கும் வரவழைத்து மாட்டிய பிறகு வண்டியைக் கொடுப்பது ஒரு வழி. டெம்பரரி பர்மிட் வாங்கிப் பின் கண்ணாடியில் ஒட்டி ஓட்டி வந்து, இங்கே பதிவு செய்வது இன்னொரு வழி. பர்மிட் 21 நாள் செல்லும். முதல் வழிக்குச் சில நாள் கூடுதலாக ஆகும். இருந்தாலும் உங்கள் நிலைமையில் நான் அதைத்தான் சொல்வேன். பர்மிட் ஒட்டிய புது வண்டி நெடுஞ்சாலையில் தனியாகத் தெரியும். குழந்தையோடு முன்பின் தெரியாத ஊர்களில் ராத்திரி தங்கப் போகிறீர்கள், யார் கண்ணிலும் படாமல் வருவது நல்லது.

வங்கிக் கடன் என்றால் பதிவுச் சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கும். உரிமைப் பத்திரம் வங்கி பெயரில், உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர். அசல் வங்கியிடம் போய்விடும், நகல் உங்களுக்கு. இன்சூரன்ஸ் உறுதிக் கடிதம் கையில் வராமல் வங்கி வண்டியை விடுவிக்காது. அந்தக் கடிதத்தில் தொடங்கும் தேதியைப் பாருங்கள். டர்பனுக்கு வந்து சேரும் நாளை எழுதிவிட்டு நடுவில் மூன்று நாள் பாதுகாப்பில்லாமல் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். சாஸ்ரியா பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கலவரத்தில் ஏற்படும் சேதத்துக்கு அதுதான் பணம் தரும். ஜூலை 2021 கலவரத்தை டர்பனில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் பொருத்தியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், வாங்கும் ஊரிலேயே பொருத்தி, வேலை செய்கிறது என்ற சான்றும் கையில் வந்த பிறகு கிளம்புங்கள். இந்திய லைசென்ஸில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதையும் இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பார்ப்பது.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்காரர். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழை என்னோடு மட்டும் பேசுவார். என் முதல் நாளில் ஒரு வெள்ளைக் காரின் பின் கதவைத் திறந்து, ரப்பர் பட்டையின் ஓரத்தில் என் விரலைப் பிடித்து வைத்து இழுத்தார். மெல்லிய மணல் போல நெருடியது. "இது கம்பெனி பெயிண்ட் இல்ல, தம்பி. லாரியில இடிபட்டு வந்து, வெளியில அடிச்சது" என்றார். எதிர்ப்பக்கக் கதவின் ரப்பரைத் தொடச் சொன்னார். வழவழவென்று இருந்தது. தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும்போது வண்டியில் ரப்பரே இருக்காது, வெறும் உடல்தான். பட்டைகளை அதற்கப்புறம்தான் மாட்டுவார்கள். ஆகவே ரப்பரிலோ கீலிலோ விளக்கின் ஓரத்திலோ பெயிண்ட் தூசு பட்டிருந்தால் பிறகு யாரோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாடத்தை நான் மறந்ததே இல்லை.

அந்தப் பாடம் கிடைப்பதற்கு முன்பே நான் ஏமாந்திருந்தேன். என் முதல் புதுக் காரை மழை பெய்யும் ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தேன். ஷோரூம் விளக்கு, துணியை விலக்கிக் காட்டினார்கள், படம் எடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு ஓட்டி வந்துவிட்டேன். காலையில் வெயிலில் பார்த்தால் பின் கதவின் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது. பக்கத்துப் பலகையில் மரத்தின் நிழல் நேராக விழுந்தது, கதவில் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக உடைந்தது. டீலர் யார் என்று சொல்லப் போவதில்லை. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்கள். எட்டு வருடம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன்.

அதனால் காலை பத்து மணிக்கு, நடு வாரத்தில், மாதக் கடைசி இல்லாத நாளாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். மாதக் கடைசியில் விற்பனை இலக்குக்காக ஒரே நாளில் பத்துப் பதினைந்து வண்டி வெளியேறும், உங்களுக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை எடுத்தால் சனி மதியம் ஒரு விளக்கு எரிந்தாலும் ஒர்க்‌ஷாப் மூடியிருக்கும். துணி விலக்குவது, ரிப்பன், படம் எல்லாவற்றுக்கும் முன்னால் வண்டியை வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லி ஒரு மணி நேரம் தனியாகப் பார்க்கக் கேளுங்கள். பாலிஷ் போட வேண்டாம், தண்ணீர் விட்டுக் கழுவி உலர விட்டால் போதும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அழுக்குத் துணியால் அவசரமாக பாலிஷ் போட்டதில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்த புது வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அடர்ந்த நிறமென்றால் இன்னும் மோசம்.

முதலில் எண். வின் என்ற 17 எழுத்து எண், முன் கண்ணாடியின் கீழ் மூலையிலும் ஸ்டிக்கரிலும் காகிதத்திலும் இருக்கும், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே தயாரான ஃபோக்ஸ்வாகன் என்றால் ஏ.ஏ.வி. என்று தொடங்கும் (ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஏ.எச்.டி.). பத்தாவது எழுத்து மாடல் வருடம்: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, டி என்றால் 2026. வருடக் கடைசியில் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நாலு டயரும் ஸ்டெப்னியும் வண்டி தயாரான காலத்துக்கு ஒட்டியே இருக்க வேண்டும். செப்டம்பர் 2012 முதல் இந்த நாட்டில் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு மைக்ரோடாட் கட்டாயம். மணல் துகள் அளவுப் புள்ளிகளில் அந்த வண்டியின் அடையாளம் பொறித்துப் பல இடங்களில் தெளித்திருப்பார்கள், புற ஊதா விளக்கில் மின்னும். அதன் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு உடல். சொன்னேனே, ரப்பர் ஓரங்களை விரலால் தடவுங்கள். நாலு கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் சின்னப் பள்ளமும் தெரியும். லாரியில் ஏற்றும்போது சக்கரங்களைத்தான் பட்டை போட்டுக் கட்டுவார்கள், அதனால் ரிம்மின் உள் விளிம்பைப் பாருங்கள். முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, பம்பரின் கீழ் உதடு, கூரை. கூரையை யாருமே பார்ப்பதில்லை. ஒரு ஸ்டூல் கேட்டு ஏறிப் பாருங்கள். கிலோமீட்டர் 10, 20 என்று இருந்தால் இயல்பு, யார்டுக்குள் நகர்த்துவது, பரிசோதனை ஓட்டம் எல்லாம் அதில் அடங்கும். 150 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டயர் காற்றை நீங்களே கேஜ் வைத்து அளக்க வேண்டும். நாள்கணக்கில் நிற்கும்போது டயர் ஓரிடத்தில் தட்டையாகிவிடக் கூடாது என்பதற்காகக் கூடுதலாக அடித்து அனுப்புவார்கள். டெலிவரிக்கு முன் அதைக் குறைப்பது எங்கள் வேலை, அவசரத்தில் விட்டுப்போகிற வேலையும் அதுதான். அதிகக் காற்றோடு மழை ரோட்டில் 100-இல் போவது ஆபத்து. சரியான அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம், சக்கர நட்டு பூட்டின் சாவி மூன்றும் இருக்கின்றனவா என்று டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். அந்தச் சின்னப் பூட்டுச் சாவி இல்லையென்றால் வழியில் முத்தாத்தா என்ற ஊரைத் தாண்டி பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றவே முடியாது. இரண்டாவது கார் சாவியையும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டு சாவியையும் ஒரே பையில் வைக்காதீர்கள், ஒன்று உங்களிடம், ஒன்று மனைவியிடம்.

குறை தென்பட்டால் சண்டை வேண்டாம். டெலிவரித் தாளில் அதை எழுதி, அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லி, போட்டோ எடுத்து வையுங்கள். பெரிதாக இருந்தால், உதாரணத்துக்கு மறு பெயிண்ட், வண்டியை எடுக்காதீர்கள். 2011-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதல் ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைப் பழுது பார்க்கவோ மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ உரிமை தருகிறது. மோட்டார் தொழிலுக்கென்றே ஒரு குறைதீர்ப்பாளர் அலுவலகமும் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் கடிதமும் காத்திருப்புமாக மாதக்கணக்கில் இழுக்கும். சாவி வாங்குவதற்கு முன் சொல்லும் ஒரு "வேண்டாம்" பத்துக் கடிதத்துக்குச் சமம்.

பெயிண்ட் பற்றி ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன். புது வண்டியை ஒரு மாதம் கழுவக் கூடாது என்பார்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் 140 டிகிரி அளவுச் சூட்டில் அடுப்பில் வெந்து வருகிறது, வெளியே வரும்போதே இறுகிவிட்டது. அந்த எச்சரிக்கை ஒர்க்‌ஷாப்பில் மறுபடி அடித்த பெயிண்டுக்கு உரியது. வழியில் பறவை எச்சமோ பூச்சியோ பட்டால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள்.

இனி வழி. பி.இ.யிலிருந்து டர்பனுக்கு என்2 நெடுஞ்சாலை வழியாக 900 கி.மீ.-க்கு மேல். ஒரே நாளில் ஓட்டுபவர்கள் உண்டு, நீங்கள் செய்ய வேண்டாம். மகளுக்கு மூன்று வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கை கட்டாயம் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. மூன்று முடிந்திருந்தாலும் இருக்கையை விமானத்திலேயே கொண்டுபோய், டீலர் யார்டில் நிதானமாகப் பொருத்துங்கள்.

முதல் நாள் ஊரைவிட்டே கிளம்பாதீர்கள் என்பது என் கருத்து. வண்டியை எடுத்து, பி.இ.யைச் சுற்றி 50, 60 கி.மீ. ஓட்டுங்கள். ஏசி, வைப்பர், எல்லா விளக்கு, ரிவர்ஸ் கேமரா, போன் இணைப்பு, நேர் ரோட்டில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, 80-இல் அதிர்கிறதா, எல்லாம் பாருங்கள். ஏதாவது இருந்தால் டீலர் அரை மணித் தூரத்தில்தான் இருக்கிறார், மறுநாள் காலை காட்டிவிட்டுப் போகலாம். 400 கி.மீ. தள்ளிக் கண்டுபிடித்தால் அந்தச் சின்ன வேலைக்கு முன்பின் தெரியாத ஒர்க்‌ஷாப்பில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பி.இ.யில் மலபார் என்றே ஒரு பகுதி உண்டு, இனப்பிரிவினைக் காலத்தில் இந்தியர்களை ஒதுக்கிக் குடிவைத்த இடம். நம்மவர்கள் முகம் பார்க்க ஒரு சாயங்காலம் போய் வாருங்கள்.

இரண்டாம் நாள் ஈஸ்ட் லண்டன் வரை, சுமார் 300 கி.மீ. இதற்கு என்2-வை விட ஆர்72 என்ற கடலோர வழியைச் சொல்வேன்: அலெக்சாண்ட்ரியா, கென்டன், போர்ட் ஆல்ஃபிரட் வழியாகப் போகும். லாரி குறைவு. ஏற்றம், இறக்கம், ஊர், வளைவு என்று மாறிக்கொண்டே இருக்கும். புது எஞ்சினுக்கு அதுதான் தேவை. முதல் 1,000 கி.மீ. வரை உச்ச ஆர்.பி.எம்.-மில், அதாவது எஞ்சின் சுழலும் வேகத்தில், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல், அதே சமயம் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக இழுக்காமல், கியரையும் வேகத்தையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். க்ரூஸ் கண்ட்ரோலை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். உயர் கியரில் எஞ்சின் திணறத் திணற மிதிப்பதும் தவறு, பயந்து பயந்து ஓட்டுபவர்கள் செய்யும் தவறு அது. பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று படிந்து அமர, மிதமான சுமை ஏறி இறங்க வேண்டும்.

எஞ்சினைப் பழக்குவது பற்றி எல்லோருக்கும் தெரியும். பிரேக்கையும் டயரையும் பழக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. புது பிரேக் பேடு டிஸ்க்கின் முழுப் பரப்பிலும் ஒட்டிப் பிடிக்க முதல் 200, 300 கி.மீ. ஆகும். டயரின் மேல் தோல் தேய்ந்து முழுப் பிடிமானம் வர 500 கி.மீ. அளவுக்கு ஓட வேண்டும். ஆகவே முன் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். மூன்றாம் நாள் ஈஸ்ட் லண்டன் தாண்டி கிரேட் கே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும் கே கட்டிங்ஸ் வருகிறதே, அதற்கு முன் பிரேக் ஓரளவு படிந்திருக்கும் என்பதும் நான் பயணத்தை இப்படிப் பிரிப்பதற்கு ஒரு காரணம். அங்கே வளைந்து வளைந்து ஆற்றுக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முன்னால் லாரி முனகிக்கொண்டு போகும். மூன்றாவது கியரில் போட்டு எஞ்சினையே பிடிக்க விடுங்கள், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். தொடர்ந்து மிதித்தால் புது பேடு சூடேறி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அப்புறம் கீச்சுச் சத்தம் வாழ்நாள் முழுக்க.

ஆற்றைத் தாண்டினால் பழைய ட்ரான்ஸ்கை, இனப்பிரிவினைக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. பட்டர்வொர்த், டுட்டீவா, முத்தாத்தா, மவுண்ட் ஃப்ரேர், கோக்ஸ்டட். பச்சை மேடுகளில் வட்ட வட்டமாக வீடுகள், பார்க்கக் கண் குளிரும். ஆனால் வேலி இல்லாத ஊர்கள். பசு, ஆடு, பன்றி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டோரம். ஆட்டுக்கூட்டத்தில் ஒன்று கடந்தால் மற்றவையும் பின்னாலேயே ஓடி வரும், முதல் ஆடு போய்விட்டது என்று வேகமெடுக்காதீர்கள். ஊருக்குள் வேகத்தடைகள் திடீரென்று வரும், சில இடங்களில் பள்ளமும் உண்டு. இந்த நீளத்தில் இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. ஈஸ்ட் லண்டனில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் 400 கி.மீ. சொச்சம் ஓட்டி மதியம் கோக்ஸ்டட் சேரலாம். அங்கே உள்ளே நிறுத்தும் வசதி உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். பெட்ரோல் ஈஸ்ட் லண்டனிலும் முத்தாத்தாவிலும் போட்டுவிடுங்கள், பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பங்கில் ஊழியர்தான் ஊற்றுவார், இறங்கி நின்று "பெட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். புது வண்டியில் டீசல் ஊற்றிக்கொண்டு வந்து நின்றவர்கள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருடா வருடம் வருகிறார்கள்.

நாலாம் நாள் கோக்ஸ்டட்டிலிருந்து ஹார்டிங் வழியாக போர்ட் ஷெப்ஸ்டனுக்கு இறக்கம். மரம் ஏற்றிய லாரிகள், கடல் நெருங்க நெருங்கக் கரும்பு லாரிகள். பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிட ரோட்டோர மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒதுங்குவதும், அவர் நன்றியாக இரண்டு தரம் ஹசார்டு விளக்கைச் சிமிட்டுவதும் இங்கே பழக்கம். பகலில், முன்னால் நன்றாகத் தெரிகிற இடத்தில் மட்டும் ஒதுங்குங்கள். மேட்டு உச்சியிலும் வளைவிலும் அந்த ஓரத்தில் ஆள் நடந்து வருவார். போர்ட் ஷெப்ஸ்டன் வந்துவிட்டால் அதற்கப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டே வீடு வரை நல்ல ரோடு, எழுத ஒன்றுமில்லை.

இதெல்லாம் எதற்கு, ராஸ்லினிலோ சில்வர்டனிலோ தயாராகும் வண்டியாக மாற்றிக்கொள்ளலாமா என்று தோன்றினால், ரோடு என்ற அளவில் அது சுலபம். என்3-இல் ஒரே நாள், வான் ரீனன் கணவாய் ஒன்றுதான் கவனம். ஆனால் நெடுக ஒரே வேகத்தில் ஓடும் சாலை அது, வேண்டுமென்றே வேகத்தை மாற்றி ஓட்ட வேண்டும். உங்களுக்குப் பிடித்தது போலோ என்றால் வழிக்காக வண்டியை மாற்றாதீர்கள்.

பூஜை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அம்கேனி ரோடு வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயத்திலோ, உங்களுக்குப் பக்கத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்பிலோ செய்யலாம். குருக்களிடம் முன்னாலேயே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்காரனாக இரண்டு சொல்கிறேன். கற்பூரத் தட்டை பானெட் மேல் வைக்க விடாதீர்கள். கீழே இருக்கும் பெயிண்ட் ஒரு நிமிடத்தில் கொப்பளித்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். கையில் ஏந்திக் காட்டினால் போதும். சந்தனம், குங்குமத்தை முன் கண்ணாடியில் வையுங்கள், பெயிண்டில் மஞ்சள் ஊறினால் வெள்ளை வண்டியில் கறை நிற்கும். தேங்காயைச் சக்கரத்திலிருந்து நாலடி தள்ளி உடையுங்கள், ஓட்டுச் சில்லு கூர்மை. எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கும் வைத்து ஏற்றுவதால் எந்தக் கெடுதலும் இல்லை, தாராளமாகச் செய்யுங்கள்.

வீட்டில் நிறுத்தியதும் அன்று இரவு எஞ்சினுக்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் இழுத்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டியிருந்தால் அது ஏசி. இளஞ்சிவப்பாக ஈரம் இருந்தால் கூலன்ட், பழுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில். இரண்டில் எதுவானாலும் ஸ்டார்ட் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு வண்டியை ஏற்றிப் போக வரச் சொல்லுங்கள். அட்டை காய்ந்து சுத்தமாக இருந்தால் ஆயில் குச்சியை இன்னொரு தரம் இழுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், கிளம்பிய அன்று பார்த்ததோடு ஒப்பிட. முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்புதான். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன அதே தர எண்ணுள்ள ஆயிலாகப் பார்த்து ஊற்றி, பில்லை சர்வீஸ் புத்தகத்துக்குள் வையுங்கள்.